ஃபிஷரின் இருபதும் மாமல்லபுரத்து எட்டும்

கேள்வி: ஆபீஸ் கேன்டீனில் தினமும் ஒரே சண்டை. செஸ்ஸில் மிகப் பெரிய தொடர் வெற்றி எது? ஒருவர் பாபி ஃபிஷரின் 20 என்கிறார். இன்னொருவர், "ஸ்டைனிட்ஸ் 25 ஜெயிச்சிருக்கார், 25 பெருசா 20 பெருசா?" என்று மடக்குகிறார். நான் கார்ல்சனின் 125-ஐச் சொன்னால் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்:

உங்கள் 125-இலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அது தோற்காத தொடர், ஜெயித்த தொடர் அல்ல. 2018 ஜூலை 31-இல் பியேலில் மமெத்யாரோவிடம் தோற்ற கார்ல்சன், அடுத்து தோற்றது 2020 அக்டோபர் 10-இல், ஸ்டாவாங்கரில் போலந்துக்காரர் டூடாவிடம். இடையில் கிளாசிக்கல் ஆட்டங்கள் (பல மணி நேரம் ஓடும் முழு ஆட்டங்கள்) 125. அதில் 42 வெற்றி, 83 டிரா. இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து மோதியும் ஒருத்தராலும் சாய்க்க முடியவில்லை. ஆனால் அது வேறு கலை. தோற்காமல் இருப்பதற்கு டிரா துணை. ஜெயித்துக்கொண்டே போவதற்கு டிராதான் எமன்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கேன்டீன் சண்டையில் பாதி முடிந்துவிடும். கிரிக்கெட்டில் ஒரு அணி தொடர்ந்து ஜெயிக்கிறது என்றால் எதிரணி தோற்றுக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். செஸ்ஸில் எதிராளிக்கு ஜெயிக்கும் எண்ணமே வேண்டாம். காய்களை வெட்டிக் குறைத்து, நிலையை உப்புச்சப்பில்லாமல் ஆக்கி, கை நீட்டி டிரா கேட்டால் போதும், உங்கள் தொடர் அங்கேயே அறுந்துவிடும். வெள்ளைக் காய் கிடைத்த ஒரு நல்ல கிராண்ட்மாஸ்டர் டிரா செய்தே தீருவது என்று முடிவு கட்டி உட்கார்ந்தால், அவரைத் தோற்கடிப்பது மலையைக் கிள்ளுவது மாதிரி. சீனாவின் டிங் லிரன் 2017-18-இல் 100 ஆட்டம் தோற்காமல் இருந்தாரே, அதில் 71 டிரா. மேல்மட்டத்தில் நிலவரம் இதுதான். ஆகவே தொடர் வெற்றியை அளக்கும்போது நீளத்தைக் கடைசியில் பாருங்கள். எதிரே யார் உட்கார்ந்திருந்தார், அவருக்கு டிரா தேவைப்பட்டதா, தேவைப்பட்டும் கிடைக்கவில்லையா என்பதை முதலில் பாருங்கள்.

(தோற்காத தொடர்களில் மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் நான் கார்ல்சனைச் சொல்ல மாட்டேன், முன்னாள் உலகச் சாம்பியன் மிகயில் தாலைச் சொல்வேன். 1973 அக்டோபர் முதல் ஒரு வருஷம் 95 ஆட்டம் தோற்கவில்லை, அதில் 46 வெற்றி. காயைக் காவு கொடுத்து ஆடும் மனிதர் இப்படித் தோற்காமல் இருந்தது எனக்கு இன்றும் புரியாத ஆச்சரியம். ஆழ்வார்பேட்டை சோவியத் கலாசார மையத்தில் இருந்த செஸ் கிளப்புக்கு அவர் பேரைத்தான் வைத்திருந்தார்கள். சின்னப் பையனாக ஆனந்த் போய் ஆடிய இடம். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்துக்கு (சில நிமிஷத்தில் முடியும் ஆட்டம்) ஒரு வழக்கம் இருந்தது: தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம். தொடர் வெற்றியின் ருசியை ஒரு பையனுக்குக் காட்ட இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அதே பையன் 1983-இல் தேசிய சப்-ஜூனியரில் 9-க்கு 9 எடுத்தது சும்மா இல்லை.)

சரி, முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸின் 25. எண்ணிக்கையில் பொய் இல்லை. 1873 வியன்னா போட்டியின் கடைசி 16 ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தார். அதில் பிளாக்பர்னுடன் ஆடிய 2 பிளே-ஆஃப் ஆட்டங்களும் சேர்த்தி. 1876-இல் லண்டனில் அதே பிளாக்பர்னை 7-0. பிறகு 1882-இல் மறுபடி வியன்னா, முதல் 2 ஆட்டம். 16-உம் 7-உம் 2-உம் 25. உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: இந்த 25-க்கு ஆன காலம் 9 வருஷம். இடையில் அவர் பெரும்பாலும் பத்திரிகையில் செஸ் பத்தி எழுதிக்கொண்டிருந்தார், போட்டிப் பக்கம் வரவே இல்லை. ஒரு பேட்ஸ்மேன் மூன்று மேட்ச் ஆடிவிட்டு 9 வருஷம் அவுட்டே ஆகவில்லை என்று சொல்வது மாதிரி. பிளாக்பர்னை 7-0 அடித்ததைக் குறைத்துப் பேச மாட்டேன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர். ஆனால் அன்று டிராவைத் தற்காப்பாக ஆடும் பழக்கம் இன்றைய அளவு இல்லை. தற்காப்பு என்ற வித்தையையே ஸ்டைனிட்ஸ்தான் பின்னால் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். எமன் இல்லாத ஊரில் வாழ்ந்த ஆயுசு அது.

ஃபிஷருக்கு வருவோம். நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை இது.

1970 கடைசியில் ஸ்பெயினின் பால்மா டி மல்லோர்காவில் இன்டர்சோனல், அதாவது உலகப் பட்டத்துக்கான தகுதிச்சுற்றுப் போட்டி. 24 பேர், 23 ரவுண்டு. அதில் ஃபிஷர் ஒரே ஒரு ஆட்டம் தோற்றார், டென்மார்க்கின் பென்ட் லார்சனிடம். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்பு கடைசி 7 ரவுண்டும் வெற்றி. உலகச் சாம்பியன்ஷிப் சுழற்சியில் இந்தக் கட்டத்தில் முதல் இடம் உறுதியாகிவிட்டவர்கள் என்ன செய்வார்கள்? பத்துப் பதினைந்து நகர்வில் கைகுலுக்கிவிட்டு அறைக்குப் போவார்கள். ஃபிஷர் போகவில்லை. தைமானோவ், மெக்கிங், கிளிகோரிச் என்று எல்லோரையும் அடித்து, இரண்டாம் இடத்தாரைவிட 3.5 புள்ளி அதிகம் எடுத்து முடித்தார்.

அந்த 7-இல் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் தோண்டுவார்கள். அர்ஜென்டினாவின் பானோவுடன் ஆட்டம். ஃபிஷர் தன் மத நம்பிக்கைப்படி வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி அஸ்தமனம் வரை ஆட மாட்டார், அதற்காக ஆட்ட நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். பானோ அதை எதிர்த்து போர்டுக்கே வரவில்லை. ஃபிஷர் ஆங்கிலத் திறப்பாக ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு, 10 நிமிஷம் பார்த்துவிட்டு, தானே எழுந்துபோய் ஆட வரும்படி பானோவைக் கூப்பிட்டார். பானோ வந்தார், தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்தார், போனார். ஒரே நகர்வில் ஒரு வெற்றி. சனி ஞாயிறுகளில் போட்டிகளுக்கு ஆர்பிட்டராக (நடுவராக) போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடிகாரம் ஓடியது, நகர்வு நடந்தது, எதிராளி நேரில் வந்து ரிசைன் செய்தார், ஆகவே ரிசல்ட் ஷீட்டில் அது முழு வெற்றி. ஆனால் தொடர் வெற்றி என்று பெருமை பேசும்போது நான் அதைக் கழித்து 19 என்றே சொல்வேன். ஃபிஷரின் பெருமைக்கு அந்த ஒன்று தேவையே இல்லை.

ஏனென்றால் வைரம் அடுத்த 12-இல் இருக்கிறது. 1971 மே, வான்கூவர். உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சுற்றின் காலிறுதி. எதிரே சோவியத்தின் மார்க் தைமானோவ், கச்சேரி மேடையில் வாசிக்கும் பியானோ கலைஞர். முடிவு 6-0. வெறும் ஸ்கோரைப் பார்த்தால் தைமானோவ் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார் என்றுதான் தோன்றும். ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள், அப்படி இல்லை. இரண்டாவது ஆட்டம் டிராவாக முடிய வேண்டிய எண்ட்கேம் (சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம்), களைப்பில் கைவிட்டார். ஐந்தாவதில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தவர் ஒரே நகர்வில் யானையைத் தூக்கிக் கொடுத்தார். ஃபிஷர் செய்தது என்ன? டிரா என்று மற்றவர்கள் எழுந்துபோகும் நிலைகளில் எழாமல் உட்கார்ந்து, எதிராளிக்கு இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு தப்புக்கு வாய்ப்பு என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். நான்காவது ஆட்டத்தில் குதிரைக்கு எதிராக பிஷப்பை வைத்து ஜெயித்த எண்ட்கேமை இன்றைக்கும் என் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். தோற்றுத் திரும்பிய தைமானோவை சோவியத் அதிகாரிகள் சும்மா விடவில்லை, சம்பளத்தை நிறுத்தினார்கள், வெளிநாட்டுப் பயணத்தைத் தடுத்தார்கள். ஒரு கிராண்ட்மாஸ்டர் 6-0 தோற்க முடியும் என்பதையே அவர்களால் நம்ப முடியவில்லை.

நம்ப வைத்தது லார்சன். பால்மாவில் ஃபிஷரை வீழ்த்தினாரே, அதே ஆள். அதற்கு முந்தைய மாதங்களில்கூட, 1970-இல் பெல்கிரேடில் சோவியத் யூனியனுக்கு எதிராக உலக அணி ஆடியபோது, முதல் போர்டு (அணியின் தலைமை ஆட்டக்காரர் இடம்) எனக்குத்தான் வேண்டும் என்று லார்சன் நின்று, ஃபிஷர் விட்டுக்கொடுத்து இரண்டாவது போர்டில் உட்கார்ந்திருக்கிறார். 1971 ஜூலையில் டென்வரில் இருவரும் மோதினார்கள். அந்த மாத ரேட்டிங்கில் ஃபிஷர் 2760, லார்சன் 2660. 100 புள்ளி வித்தியாசம் என்றால் ரேட்டிங்கை வைத்து முடிவை மதிப்பிடும் எலோ கணக்கு ஃபிஷருக்கு 64 சதவீதம் தரும், அதாவது 6 ஆட்டத்தில் 4 புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. வந்தது 6. டென்வர் வெயில் தாங்கவில்லை, உடம்பு சரியில்லை என்று லார்சன் சொன்னார். இருக்கலாம். என் பார்வையில் இன்னொரு காரணமும் உண்டு: லார்சனுக்கும் டிரா பிடிக்காது. பின்தங்கியதும் பதுங்கி அரைப் புள்ளி தேற்றாமல் ஜெயிக்கவே பார்த்தார். இரண்டு பேரும் எமனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே பலமானவர் யாரோ அவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

இருபதாவது வெற்றி பியூனஸ் அயர்ஸில், பெத்ரோசியனுக்கு எதிரான முதல் ஆட்டம். வீழ்த்தவே முடியாதவர் என்று பேரெடுத்த முன்னாள் உலகச் சாம்பியன், வீட்டிலேயே தயாரித்து வந்த புது நகர்வு ஒன்றைப் போட்டு ஃபிஷரைத் திணறடித்தார். நடுவில் அரங்கில் கரண்ட் போய்விட்டது. ஃபிஷர் இருட்டில் போர்டையே பார்த்து யோசித்துக்கொண்டிருக்க, பெத்ரோசியன் ஆட்சேபித்தார். சரி, என் கடிகாரத்தை ஓட விடுங்கள் என்று ஃபிஷர் சொல்லிவிட்டார். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார். இரண்டாவது ஆட்டத்தில் பெத்ரோசியன் ஜெயித்து தொடரை முடித்துவைத்தார். டிராவில் அறுந்துபோகாமல் தோல்வியில் அறுந்த தொடர் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்தால், 20 தொடர்ந்து வர பத்து லட்சத்தில் ஒன்று. 70 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1250-இல் ஒன்று. 90 சதவீதம் என்றால் எட்டில் ஒன்று. அதாவது உங்களைவிட ரொம்பப் பலவீனமானவர்களோடு ஆடினால் இது அதிசயமே இல்லை. இணையத்தில் வரும் நீண்ட தொடர்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவின் நகமுரா இணைய பிளிட்ஸில் 46-க்கு 45.5 எடுத்ததும், இது நடக்கக்கூடியதா என்று பெரிய சர்ச்சை. ஆனால் அவர் ஆடும் ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில், எதிராளிகளில் பலர் அவரைவிட வெகுவாகக் கீழே. அவ்வளவு தடவை நாணயத்தைச் சுண்டினால் நீளமான வரிசை ஒன்று எங்கேயாவது விழத்தான் செய்யும்.

உங்கள் கேன்டீனில் யாரும் பேரே எடுக்காத ஒருவரைச் சொல்கிறேன்: வெரா மென்சிக், முதல் பெண்கள் உலகச் சாம்பியன். 1931 பிராக் 8-க்கு 8. 1933 ஃபோக்ஸ்டன் 14-க்கு 14. 1935 வார்சா 9-க்கு 9. 1937 ஸ்டாக்ஹோம் 14-க்கு 14. பலர் ஆடிய இந்த நான்கு உலகப் பட்டப் போட்டிகளை மட்டும் (ஒருவரோடு ஒருவர் ஆடிய மேட்ச்களை விட்டுவிட்டு) வரிசையாக அடுக்கினால் 45 ஆட்டம், 45 வெற்றி. இடைப்பட்ட நேரத்தில் ஆண்கள் போட்டிகளில் ஆடித் தோற்றதும் உண்டு, ஆகவே ஃபிஷரின் கணக்கோடு இதை ஒட்ட முடியாது. எதிராளிகளுக்கும் அவருக்கும் இருந்த தூரமும் அதிகம். இருந்தாலும் 45 ஆட்டத்தில் ஒரு தடவைகூட அசந்து அரைப் புள்ளி கொடுக்காத ஒழுங்கு இருக்கிறதே, அதற்குத் தனி மரியாதை.

நம் காலத்தில் ஃபிஷருக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தது ஒன்றே ஒன்று: 2014 செயின்ட் லூயிஸ், சின்க்ஃபீல்ட் கோப்பை, கருவானா. வெறும் 7 ஆட்டம்தான். ஆனால் போட்டியில் மொத்தமே 6 பேர்: கார்ல்சன், அரோனியன், டோபலோவ், நகமுரா, வாஷியே-லாக்ராவ், இவர். எளிய எதிராளி என்று ஒருவர்கூட இல்லாத இடத்தில் ஐந்து பேரையும் ஒரு சுற்று அடித்து, டோபலோவையும் வாஷியே-லாக்ராவையும் இரண்டாவது முறையும் அடித்தார். கார்ல்சனை அடித்தது கறுப்புக் காயில். எட்டாவது ஆட்டத்தில் கார்ல்சனுக்கு எதிராக மறுபடி நல்ல நிலை, நழுவவிட்டு டிரா. கடைசியில் 10-க்கு 8.5, இரண்டாமிடம் வந்த கார்ல்சன் 5.5. ஸ்டைனிட்ஸின் 25-ஐவிட இந்த 7-ஐ நான் மேலே வைப்பேன், கேன்டீனில் யார் என்ன சொன்னாலும். 1994 லினாரெஸில் கார்போவ் முதல் 6 ஆட்டத்தையும் ஜெயித்து, காஸ்பரோவைவிட 2.5 புள்ளி அதிகம் எடுத்ததும் இந்த வரிசையில் சேரும்.

"நம்ம ஊர் ஆள் இல்லையா?" என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கிறார், அதுவும் நம் கண்ணெதிரே. 2022, மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், நாடுகளின் அணிகள் மோதும் போட்டி. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து, வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பேர் வைத்து ஊரே கொண்டாடிய நாட்கள். 16 வயசு குகேஷ் இந்தியா பி அணிக்கு முதல் போர்டு. தொடர்ந்து 8 வெற்றி. முதல் சில ரவுண்டு எளிது, மறைக்கவில்லை. அணிகள் மோதும் போட்டியில் ஆரம்பத்தில் அப்படித்தான் விழும். ஆனால் பின்னால் ஷிரோவ், சர்கிசியன், எட்டாவது ரவுண்டில் அதே கருவானா. அர்மேனியாவிடம் அணி தோற்ற அன்றும் குகேஷ் தன் போர்டில் ஜெயித்தார். ஒன்பதாவதில் மமெத்யாரோவுடன் டிரா, தொடர் முடிந்தது.

முடிந்த தொடர் அடுத்த நாள்தான் வலித்தது. பத்தாவது ரவுண்டு, உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷுக்கு ஜெயிக்கும் நிலை. அது மெல்ல நழுவி சமநிலைக்கு வந்தது. டிராவை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எட்டு ஆட்டம் டிராவை மறுத்தே ஜெயித்த மனசு அந்த நேரத்தில் எப்படி மாறும்? விடாமல் இழுத்தார், நேரம் கரைந்தது, குதிரையில் தப்பு நடந்தது, தோற்றார். தலையைக் கையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தைமானோவை எழ விடாமல் ஃபிஷர் உட்கார வைத்தாரே, அதே பிடிவாதம்தான். ஃபிஷருக்கு அது 6-0 கொடுத்தது, குகேஷிடமிருந்து அன்று ஒரு புள்ளியைப் பிடுங்கியது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது.

ஆகவே உங்கள் கேன்டீன் தீர்ப்பு: முதலிடம் ஃபிஷர், ஆனால் 20 என்று சொல்லாமல் 19 என்று சொல்லுங்கள். அடுத்து கருவானா. 25-காரரிடம் "எத்தனை வருஷத்தில்?" என்று மட்டும் கேளுங்கள். குகேஷின் 8-ஐ இந்த இரண்டுக்கும் சமமாக வைக்க மாட்டேன், சென்னைக்காரன் என்பதற்காகக்கூட. அந்தப் போட்டியில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது அந்த எட்டை அல்ல, பதினோராவது ரவுண்டை. தோற்ற மறுநாள் காலை 10 மணிக்கே ஆட்டம். வந்து உட்கார்ந்தார், ஜெர்மனியின் கெய்மருடன் டிரா செய்தார். முதல் போர்டு தங்கமும் அணிக்கு வெண்கலமும் கையில் வந்தன.